வீட்டுக்குள் பிறந்த வேடிக்கை

கண்டி அரண்மனை முற்றத்தில் ஒருநாள் பாய்களை விரித்துச் சீனியை வெயிலில் உலர்த்தியிருந்தார்கள். அவ்வழியே வந்த அந்தரே என்னும் விகடகவி, "மகாராசா, இஃது என்ன?" என்று வினவினான். இவன் வாயில் ஒரு பிடியும் விழலாகாது என்று எண்ணிய மன்னன், "மணல்" என்றான். அந்தரே மறுமொழி கூறவில்லை. வீட்டுக்குப் போய் மகனிடம் ஏதோ சொல்லிவிட்டு மீண்டும் அரண்மனைக்கு வந்து நின்றான். சற்று நேரத்தில் மகன் தலைதெறிக்க ஓடி வந்து, "அப்பா, அம்மா போய்விட்டாள்!" என்று கதறினான். "ஐயோ, இனி என் வாயிலும் மணல், உன் வாயிலும் மணல்!" என்று அலறிய அந்தரே, மகனையும் இழுத்துக்கொண்டு பாயின்மேல் விழுந்து, இரு கைகளாலும் சீனியை அள்ளி அள்ளி வாயில் இட்டுக்கொண்டான்.

நேயர்களே, மதுரை நாயக்கர் வழியினர் கண்டியில் அரசு செலுத்திய பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தரே வாழ்ந்தான் என்பது சிங்கள மக்களின் செவிவழி மரபு. அவனுடைய ஊர் தெற்கே திக்வெல்லைப் பக்கம் என்பர். தமிழர் தெனாலிராமனுக்கு அளித்திருக்கும் இடத்தைச் சிங்கள மக்கள் இவனுக்கு அளித்திருக்கின்றனர்.

இக்கதையின் நகைப்பு எங்கே இருக்கிறது என்று சற்று ஆராய்ந்தால், அது சீனியில் இல்லை என்பது புலப்படும். மன்னன் சொன்னது பொய். அது பொய் என்பது அந்தரேக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது மன்னனுக்கும் தெரியும். பொய்யை மெய்யென ஏற்றுக்கொண்டவன்போல் நடித்தே, மன்னனின் முன்னிலையில் மன்னனைப் பொய்யனாக்கிவிடுகிறான் விகடகவி. இதற்குத் துணையாக நிற்பது, வாழ்வு கெட்டது என்பதை "வாயில் மணல்" என்று சொல்லும் சிங்கள வழக்கு. தமிழருக்கு இது புதிதன்று. "என் வாயில் மண்ணைப் போட்டானே" என்ற புலம்பல் நம் வீடுகளிலும் கேட்பதுதான். ஆகவே கண்டித் தமிழ்ப் பிள்ளைக்கும் இந்தக் கதை அக்கணமே விளங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு வழக்கு இல்லாமையால், அம்மொழியில் சொல்லப்படும்போது ஒரு விளக்க வரி தேவைப்படுகிறது. விளக்கத்தை விட்டுவிட்டால், மனைவி இறந்தாள் என்று பொய் சொல்லிச் சீனி தின்ற ஒரு பெருந்தீனிக்காரனே மிஞ்சுகிறான். வகுப்பறைகளிலோ இது பெரும்பாலும் "பொய் சொல்லலாகாது" என்பதற்கு எடுத்துக்காட்டாகிவிடுகிறது. அதுவும் ஒரு பயனே. ஆயினும், முற்றத்தில் நின்றவர்கள் எதற்காக மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்களோ, அந்தத் துணிவு அங்கே காணாமற்போய்விடுகிறது.

ஒரு வட்டத்தினர் தமக்குள் மட்டும் அறிந்து நகைக்கும் வேடிக்கை, வட்டத்தைத் தாண்டியதும் இவ்வாறுதான் ஆகிறது. சொல் வெளியே செல்கிறது. சொல்லுக்குப் பின்னால் இருந்த கண்சிமிட்டல் உள்ளேயே தங்கிவிடுகிறது.

நம் முன்னோர் இதனை வஞ்சப் புகழ்ச்சி என்னும் பெயரால் நன்கு அறிந்திருந்தனர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தொண்டைமானின் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க கொட்டிலில் ஒளிர்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன. சொல்லளவில் இது தொண்டைமானுக்குப் புகழ். போர் என்றால் என்ன என்று அறிந்தவன் செவிக்கு, "உன் வேல் இன்னும் போரைக் கண்டதில்லை" என்ற எச்சரிக்கை. துறைக்குறிப்பும் உரையும் துணை வந்திராவிட்டால், இன்று அப்பாட்டை எடுத்துப் படிக்கும் ஒருவன், தொண்டைமானின் ஆயுதப் பராமரிப்பை மெச்சிக் கொள்வதோடு நின்றுவிடக்கூடும்.

கண்டிக்கு அருகிலேயே இன்னொரு சான்று உண்டு. 1707ஆம் ஆண்டு முதல் 1739ஆம் ஆண்டு வரை ஆண்ட ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன், தலைநகரை விட்டுக் குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்வதை விரும்பியவன். அவனை மக்கள் "செல்லம் ராசா" என்றனர். சிங்களத்தில் செல்லம் என்றால் விளையாட்டு. விளையாட்டுப் பிள்ளையான அரசன் என்பது பொருள். இதனை முதலில் சொன்னவர்கள் அன்பாகச் சொன்னார்களா, ஏளனமாகச் சொன்னார்களா, அல்லது இரண்டையும் கலந்து காதோடு காதாகச் சொன்னார்களா? அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் மறைந்துவிட்டது. பெயர் மட்டும் வரலாற்று நூல்களில் ஒரு பட்டம்போல நிற்கிறது. தமிழ்க் காதுக்கு அது இன்னும் இனிமையாக, வீட்டுச் செல்லப்பிள்ளைபோலக் கேட்பது தனி வேடிக்கை.

முற்காலத்தில் ஒரு வேடிக்கை தன் வட்டத்தை விட்டு வெளியேறத் தலைமுறைகள் ஆயின. இன்று ஓர் இரவு போதும்.

2019ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நடந்ததை நேயர்களிற் பலர் மறந்திருக்கமாட்டார்கள். கட்டடப் பொறியியல் பயில்வோருக்கான முகநூல் பக்கம் ஒன்றில், ஒரு சுத்தியலின் படத்தை இட்டு, இக்கருவிக்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் விடை எழுதினார். இதன் பெயர் சுத்தியல். அடித்தால் "டங், டங்" என்று ஒலிக்கும். சமீன் மாளிகையில் வண்ணம் பூசும் ஒப்பந்தக்காரர் நேசமணியின் தலையை அவருடைய அண்ணன் மகன் உடைத்தது இதனாலேதான் என்று, செய்தி அறிவிப்பவரைப் போன்ற முகத்தோடு எழுதினார். நேசமணி என்பவர் 2001ஆம் ஆண்டில் வெளியான "பிரண்ட்ஸ்" என்னும் திரைப்படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம். மேலிருந்து கைதவறிய சுத்தியல் அவர் தலையில் விழும் காட்சி, பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழர் வீடுகளில் தொலைக்காட்சி வழியே எண்ணற்ற முறை விழுந்துகொண்டிருந்த ஒன்று. தமிழ் அறியாத ஒருவர், அவர் இப்போது நலமா என்று கேட்டார். அவ்வளவுதான்! "நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள்" என்ற தொடர் டுவிட்டரில் எழுந்து, மே 29, 30 ஆகிய நாட்களில் உலக அளவில் முன்னணிக்குச் சென்றது. இந்தியாவில் நரேந்திர மோதி இரண்டாம் முறை பிரதமராகப் பதவியேற்றது அந்த மே 30ஆம் நாள்தான் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

முதலிற் சிரித்தவர்களின் சிரிப்பு எத்தகையது? நோயுற்ற பெரிய மனிதர்களுக்காக மருத்துவமனை அறிக்கை, பிரார்த்தனை, வாசலில் கூட்டம் என்று ஆண்டாண்டு காலமாகத் தமிழகம் கண்ட காட்சிகளை அது மெல்லக் கிள்ளியது. யாரோ ஒருவருக்காக உலகமே வருந்தும்போது நாமும் வருந்தியதாகக் காட்டிக்கொள்ளும் வழக்கத்தையும் அது கிள்ளியது. பொய்த் துயரை மெய்த் துயரின் உடையில் நடமாடவிட்டதே அதன் சாரம். அடுத்த நாள் சேர்ந்துகொண்டவர்களிற் பலருக்கு அந்த உடை தெரிந்தது. உள்ளே இருந்தது தெரியவில்லை. தமிழ் அறியாத செய்தி நிறுவனங்கள் நேசமணி யார் என்று கட்டுரை எழுதி விளக்க வேண்டியதாயிற்று. எல்லோரும் சொல்வதால் நாமும் சொல்வோம் என்று சொன்னவர்களும் இருந்தனர். அவர்கள் சொன்னபோது அந்தத் தொடர் எதனையும் கிள்ளவில்லை. வெறும் ஊர்வலக் கோஷமாக நடந்தது.

இன்னும் நுட்பமான ஒன்றைச் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டின் "வின்னர்" படத்தில் வடிவேலு கைப்புள்ள என்னும் வீரராக வந்து, போகுமிடமெல்லாம் உதைபட்டுத் திரும்புவார். அவர் தலைமை தாங்கும் அமைப்பின் பெயர் வருத்தப்படாத வாலிபர் சங்கம். தமிழ் ஊர்களில் நடிகர் பெயராலும் தலைவர் பெயராலும் மன்றம் அமைத்து, பலகை நட்டு, வேலையின்றி அதன் நிழலில் அமர்ந்திருக்கும் இளைஞர் கூட்டத்தை அப்பெயர் எள்ளியது. கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் 1917ஆம் ஆண்டு பிறந்த ம. கோ. இராமச்சந்திரனின் பெயரால் எழுந்த மன்றங்களை அறிந்தவர்களுக்கு, எள்ளல் எந்தப் பெருமரத்தின் கிளையில் அமர்ந்து கூவியது என்பது விளங்கும். படம் வந்தபின் நடந்தது என்ன? ஊர்த் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் வாழ்த்துப் பலகை வைத்த இளைஞர்கள், தம்மையே வருத்தப்படாத வாலிபர் சங்கத்தினர் என்று எழுதிக்கொண்டார்கள். தொடக்கத்தில் அது தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளும் பெருந்தன்மை. போகப் போக அது வெறும் பெயர்; அதற்குப் பின் ஒரு பெருமை. 2013ஆம் ஆண்டில் அதே பெயரில் சிவகார்த்திகேயன் கதாநாயகனாக நடித்த படம் வெளிவந்து வெற்றியும் பெற்றது. கைப்புள்ளயின் சங்கம் தோற்பதற்கென்றே அமைந்த சங்கம். கதாநாயகனின் சங்கம் அப்படி இருக்க முடியுமா?

"தலைநகரம்" என்னும் 2006ஆம் ஆண்டுப் படத்தில், அடிக்கப் பயந்தவன் ஒருவன் தானும் போக்கிரிதான் என்று வலியச் சென்று பொலிஸ் வண்டியில் ஏறும் காட்சி உண்டு. அவன் பேச்சும் 2015ஆம் ஆண்டில் வேறொரு படத்தின் தலைப்பாயிற்று. கோழை தன்னை மறைக்கச் சொன்ன சொல், சுவரொட்டியில் அழகிய எழுத்தில் நின்றபோது, கோழைத்தனம் எவர் கண்ணிலும் படவில்லை. இதில் குறைகூற அதிகம் இல்லை. மொழி எப்போதும் இவ்வாறுதான் பழைய துணியைப் புதுச் சட்டையாகத் தைத்துக்கொள்கிறது.

மனிதர்களை வைத்து இவ்விளையாட்டு நடக்கும்போது சற்றுச் சங்கடம் உண்டாகிறது. "பவர் ஸ்டார்" என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்ட சீனிவாசன், 2011ஆம் ஆண்டில் "லத்திகா" என்ற படத்தைத் தாமே எடுத்து நடித்தார். நடிப்பின் குறையைக் கண்டு இணையத்தில் இளைஞர்கள் அவரைத் தலைவர் என்று போற்றத் தொடங்கினர். அது முழுக்க முழுக்க வஞ்சப் புகழ்ச்சி. போற்றுவோர் தொகை பெருகியபின், எது வஞ்சம், எது புகழ்ச்சி என்று பிரிக்க இயலவில்லை. 2013ஆம் ஆண்டின் "கண்ணா லட்டு தின்ன ஆசையா" படத்தில் சந்தானத்தோடு அவர் தோன்றியபோது, அரங்குகளில் எழுந்த கைதட்டல் மெய்யான கைதட்டலே. ஏளனத்தைப் படிக்கட்டாக்கி ஒருவர் ஏறிவிட்டார் என்று மகிழலாம். கைதட்டியவர்களுள் எத்தனை பேர் இன்னும் உள்ளூர நகைத்துக்கொண்டிருந்தனர் என்பதை அவர் எவ்வாறு அறிவார்?

மேனாட்டாரும் இதற்கு விலக்கல்லர். 1911ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் நொக்ஸ் என்னும் இளைஞர், சேர்லக் ஹோம்ஸ் கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். வேதாகமத்தை வரிவரியாகப் பிளந்து, இது இவர் எழுதியது, அது பிறர் இடைச்செருகியது என்று வாதிட்ட அக்காலப் பண்டிதர்களைக் கேலி செய்வதே அவர் நோக்கம். அதற்காகத் துப்பறியும் கதைகளை வேதம்போல் பாவித்து, அவற்றிலுள்ள முரண்பாடுகளைப் பெரும் பாண்டித்தியத்தோடு ஆராய்ந்து காட்டினார். ஹோம்ஸின் அன்பர்கள் அந்த ஆராய்ச்சி முறையைப் பற்றிக்கொண்டார்கள், கேலியை விட்டுவிட்டார்கள். 1934ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் இதற்கென ஒரு சங்கமே தோன்றியது. ஹோம்ஸ் மெய்யாக வாழ்ந்தவர் என்றும், கதாசிரியர் கொனன் டொயில் வெறும் இடைத்தரகர் என்றும் கொண்டு, கட்டுரைமேல் கட்டுரை எழுதப்பட்டது. இலண்டனில் பேக்கர் வீதி 221பி என்ற விலாசத்துக்குக் கடிதங்கள் வந்து குவிந்தமையால், அவ்விடத்தில் இருந்த அபே என்னும் கட்டட நிதி நிறுவனம் பதில் எழுதுவதற்கென்று ஒரு செயலாளரையே நியமித்திருந்தது. கேலிக்கு இலக்கான வேதாகமப் பண்டிதர்களை இன்று அந்த அன்பர்களுட் பலரும் நினைப்பதில்லை. மெய்போல் பாவித்தல் அவர்களுக்கு இனிய விளையாட்டு. எவர் மனத்தையும் அது புண்படுத்தவில்லை.

கண்சிமிட்டலை எழுத்தில் ஏற்ற முயன்றவரும் உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கணினி வழியே எழுதிய வேடிக்கையைச் சிலர் மெய்யென நம்பிக் குழம்பியதைக் கண்ட ஸ்கொட் பால்மன் என்பவர், 1982ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆம் நாள், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இட்டுச் சிரித்த முகமொன்றை அமைத்து, வேடிக்கைக்கு அடையாளமாக இதனை இடுங்கள் என்றார். நல்ல ஏற்பாடு. ஆனால் இன்று அந்தச் சிரித்த முகத்தையே கோபத்துக்கும் குத்தலுக்கும் இடுகிறார்கள். ஔவையார் தம் பாட்டின் முடிவில் ஒரு சிரித்த முகத்தை இட்டிருந்தால், தொண்டைமான் அவரை என்ன செய்திருப்பான் என்பதும் எண்ணத்தக்கதே.

இலங்கை வானொலியின் பழைய நேயர்களுக்கு, "கோமாளிகள் கும்மாளம்" என்ற தொடர் நாடகம் நினைவிருக்கும். முஸ்லிம் பேச்சுவழக்கில் மரிக்கார், யாழ்ப்பாணக் கிராமத்து வழக்கில் அப்புக்குட்டி, சிங்கள ஒலிச்சாயல் கொண்ட தமிழில் உபாலி, பிராமண வழக்கில் ஐயர் என்று நால்வர் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளும் கதை. 1976ஆம் ஆண்டில் "கோமாளிகள்" என்று திரைப்படமாகவும் வந்தது. இராமதாஸ், இராஜகோபால், செல்வசேகரன் ஆகிய கலைஞர்களுக்குப் பாத்திரப் பெயர்களே வாழ்நாள் முழுதும் முற்பெயராய் ஒட்டிக்கொண்டன. அங்கே எவருடைய பேச்சும் ஏளனமாகத் தோன்றவில்லை. ஏனெனில் நால்வரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள் என்பதைக் கேட்பவர் காது அறிந்திருந்தது. மரிக்காரின் ஒரு வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்து, மேசையை விட்டுவிட்டு, கண்டிச் சந்தையில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் முன் சொல்லிப் பார்த்தால் அதன் பொருள் வேறு.

மும்மொழியும் பேசப்படும் கண்டியில் இஃது ஏட்டளவிலான செய்தியன்று. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் இரவு, அம்பாறையில் ஓர் உணவகத்தில் கொத்துரொட்டியில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென்று கூச்சல் எழுந்தது. அது வேடிக்கையாகப் பிறந்ததன்று, வதந்தியாகவே பிறந்தது. ஆயினும் அது பரவிய பாதை, நேசமணியின் சுத்தியல் பின்னாளில் பரவிய அதே பாதை. அதே கைத்தொலைபேசி, அனுப்பியவனே அரைகுறையாக நம்பியதை, பெற்றவன் முழுமையாக நம்பும் அதே வழக்கம். சில நாட்களில், வீதியில் தாக்கப்பட்ட ஒருவரின் மரணத்தைத் தொடர்ந்து, கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6ஆம் நாள் நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அடுத்த நாள் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. மாத்திரை என்று சொல்லப்பட்டது மாவுக் கட்டியே என அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை கூறியது. உண்பவரை நிரந்தரமாக மலடாக்கும் அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை என்று மருத்துவ அறிஞர்களும் கூறினர்.

பின்னர், 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்நாட்களில் தம் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு முகநூல் நிறுவனத்தார் வருத்தம் தெரிவித்தனர். சிங்களத்தில் எழுதப்படுவதைப் படித்துப் பார்த்து நீக்குவதற்கு மொழியறிந்தோர் அங்கே போதிய அளவில் இல்லை என்பது அதற்கு முன்னரே பலர் கூறிய குறை. "என் வாயிலும் மணல், உன் வாயிலும் மணல்" என்று ஒருவர் எழுதினால், எழுதியவர் அழுகிறாரா, அச்சுறுத்துகிறாரா, சீனி தின்கிறாரா என்று தொலைதூர நகரொன்றில் அமர்ந்திருக்கும் அலுவலருக்குச் சொல்ல, பக்கத்து நாற்காலியில் கண்டியைச் சேர்ந்த ஒருவராவது இருக்க வேண்டுமல்லவா?